கப்பெல் கெலின்: நீருள் மறைந்த ஒரு சிற்றூரின் வரலாறு

அணைக்கட்டுக்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கட்டியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அணையின் நீளம், உயரம், தேக்கிய நீரின் அளவு, செலவான பணம் ஆகியன ஏடுகளிற் பதிவாகின்றன. நீர் பரவிய நிலத்தில் முன்னர் வாழ்ந்தோர் யாவர், அவர்கள் எம்மொழியிற் பேசினர், எங்கு கூடினர் என்பன அவ்வேடுகளின் ஓரக்குறிப்புக்களாக ஒதுங்கிவிடுகின்றன. வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் 1965ஆம் ஆண்டு நீருள் மறைந்த கப்பெல் கெலின் என்னும் சிற்றூர் இப்பொது வழக்கிற்கு விலக்காக அமைந்தது. அறுபத்தேழு பேர் மட்டுமே வாழ்ந்த அவ்வூர், அழிந்த பின்னர் ஒரு தேசிய இனத்தின் அரசியற் சிந்தனையிலே நிலைத்த இடம் பெற்றது. அவ்வூர் அழிக்கப்பட்ட முறையினையும், அவ்வழிவு எல்லா நிலையிலும் சட்டத்திற்கு இசைய நடந்தேறியமை எழுப்பும் வினாவினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரித்தானியத் தீவின் மேற்குப் புறத்தே அமைந்த வேல்ஸ் மலைப்பாங்கான நாடாகும். அந்நாட்டு மக்களின் பழைய மொழியாகிய வெல்ஷ் கெல்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தினின்றும் முற்றிலும் வேறுபட்டது. 1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்துடன் இணைத்தபோது நீதிமன்றத்திலும் அரச கருமங்களிலும் ஆங்கிலமே வழங்கவேண்டுமென விதித்தது. ஆயினும் 1588இல் விவிலியம் முழுவதும் வெல்ஷ் மொழியிற் பெயர்க்கப்பட்டமையால், அரச மண்டபத்தில் இடமிழந்த மொழி ஆலயத்தில் இடம்பெற்று நிலைத்தது. வேல்ஸின் கிராமங்களில் ஆலயம் வழிபாட்டிடமாக மட்டுமன்றிப் பாடசாலையாகவும் இசைக்கூடமாகவும் கவியரங்காகவும் விளங்கியமைக்கு இதுவே காரணம்.

கப்பெல் கெலின் இத்தகைய கிராமங்களுள் ஒன்று. பழைய மெரியனெத் மாவட்டத்தில், பாலா என்னும் சிறு நகருக்கு வடமேற்கே, திரவெரின் ஆற்றின் பள்ளத்தாக்கில் அது அமைந்திருந்தது. பாலாவைச் சூழ்ந்த பிரதேசம் வெல்ஷ் மொழி வரலாற்றிலே தனிச்சிறப்புடையது. தனக்கென ஒரு விவிலியம் பெறும்பொருட்டு மேரி ஜோன்ஸ் என்னும் ஏழைச் சிறுமி 1800ஆம் ஆண்டிலே பல மைல் தூரம் நடந்து சென்றது இந்நகருக்கே. தம் மொழியைக் காக்கும் நோக்குடன் தென்னமெரிக்காவின் பற்றகோனியாவிற் குடியேறும் திட்டத்தை முன்னின்று வகுத்த மைக்கேல் டீ. ஜோன்ஸ் பாலாவிலிருந்த சமயக் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றியவர். அக்குடியேற்றத்தார் ஏறிச்சென்ற கப்பல் 1865ஆம் ஆண்டு லிவர்பூல் துறைமுகத்தினின்றே புறப்பட்டது. சரியாக நூறாண்டு கழிந்தபின் அதே லிவர்பூல் நகரம் அதே பிரதேசத்திலே ஓர் அணையைத் திறந்துவைத்தது.

ஊரின் அமைப்பை நோக்குமிடத்து அது மிக எளியது. ஓர் ஆலயம், அதனை அடுத்த சேமக்காலை, ஒரு பாடசாலை, ஒரு தபாற்கந்தோர், பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும் என அதன் உடைமைகளை ஒரே வரியில் எழுதிவிடலாம். மக்கள் செம்மறியாடு வளர்ப்பையும் சிறு வேளாண்மையையும் தொழிலாகக் கொண்டிருந்தனர். பள்ளத்தாக்கிலிருந்த ஹாவொட் வாடோக் என்னும் பண்ணை பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே குவேக்கர் சமயத்தார் கூடி வழிபட்ட இடமாகும். ஒடுக்குமுறை தாங்காது அவர்களுட் பலர் பென்சில்வேனியாவிற்குப் பெயர்ந்து சென்றனர். இவ்வாறாகப் பல தலைமுறைகளின் நினைவு அந்நிலத்திற் படிந்திருந்தது. வீடு, ஆலயம், பாடசாலை, கடிதப் போக்குவரத்து ஆகிய அனைத்தும் வெல்ஷ் மொழியிலேயே நடைபெற்றன. பிற இடங்களில் ஆங்கிலத்தின் முன் வெல்ஷ் பின்வாங்கிக் கொண்டிருந்த காலத்தில், அம்மொழி ஒரு சமூகத்தின் முழு வாழ்வையும் தாங்கி நின்ற இடங்களுள் ஒன்றாகக் கப்பெல் கெலின் விளங்கியது.

இனி, லிவர்பூலின் நிலையையும் நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சினாற் பெரிதும் சிதைந்த அந்நகரில் 1950களின் தொடக்கத்திலே ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். நெருக்கமான பழைய குடியிருப்புக்களை அகற்றிக் குளியலறை வசதியுள்ள புதிய வீடுகளை அமைக்க வேண்டிய தேவை மாநகரசபைக்கு இருந்தது. புதிய தொழிற்சாலைகளும் நீரை வேண்டின. தான் பெறும் நீரிலொரு பகுதியைச் சூழவுள்ள உள்ளூராட்சி மன்றங்களுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் விற்பதும் அச்சபையின் வழக்கமாக இருந்தது. ஆகவே ஏழையின் தாகமும் நகரத்தின் வருவாயும் ஒரே கோரிக்கையிற் கலந்திருந்தன எனலாம்.

வேல்ஸில் நீர் தேடுவது லிவர்பூலுக்குப் புதிய செயலன்று. 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேர்ன்வி ஆற்றின் குறுக்கே அச்சபை கட்டிய பெரும் கல்லணை 1888இல் நிறைவெய்தியது. அதனால் லான்வுதின் என்னும் ஊர் அதன் ஆலயங்களுடனும் ஏறத்தாழ நாற்பது வீடுகளுடனும் நீருள் ஆழ்ந்தது. எனினும் அணைக்குக் கீழே ஒரு புதிய ஊரும் ஆலயமும் சபையின் செலவில் அமைத்துக் கொடுக்கப்பட்டன. பின்னர் பேர்மிங்ஹம் நகரமும் ஏலான் பள்ளத்தாக்கிலே அணைகளைக் கட்டியது. இவ்வாறு வேல்ஸின் பள்ளத்தாக்குகளை நீர்க்கொள்கலன்களாகக் கருதும் போக்கு இங்கிலாந்தின் பெருநகரங்களிடையே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

1955ஆம் ஆண்டு லிவர்பூல் முதலிற் சுட்டிய இடங்களுள் டொலானொக் ஒன்றாகும். அது வெல்ஷ் பக்திப் பாடலாசிரியையான ஆன் கிரிபித்ஸ் வாழ்ந்த ஊராதலாற் கண்டனம் எழுந்தது. பின்னர் சபையின் பார்வை திரவெரின் மீது நிலைத்தது. கப்பெல் கெலின் மக்கள் தம் ஊர் நீரில் மூழ்கவிருக்கும் செய்தியை 1955 டிசம்பரிலே செய்தித்தாள்கள் வாயிலாகவே அறிந்தனர். தம்மிடம் எவரும் முன்கூட்டி வந்து கேட்கவில்லை என்பதே அவர்தம் முதற் குறையாக இருந்தது. நட்டஈடு பற்றிய பேச்சு எழுவதற்கு முன்னரே, பேசப்படவேண்டியோராகக்கூடத் தாம் கருதப்படவில்லை என்ற புண் ஏற்பட்டுவிட்டது.

1956ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஊரவர் பாதுகாப்புக் குழுவொன்றை அமைத்தனர். வேல்ஸின் உள்ளூராட்சி மன்றங்களும் சமய அமைப்புக்களும் தொழிற்சங்கங்களும் கண்டனத் தீர்மானங்களை நிறைவேற்றின. அவ்வாண்டு நவம்பர் மாதம் ஊரின் சார்பிற் சென்ற சிலர் லிவர்பூல் மாநகரசபைக் கூட்டத்திற் பேச முற்பட்டபோது கூச்சலிட்டுத் தடுக்கப்பட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பிளைட் கம்ரி என்னும் வேல்ஸ் தேசியக் கட்சியின் தலைவரான குவின்வோர் எவன்ஸ். அதே மாதம் 21ஆம் நாள் ஊரவர் ஏறக்குறைய அனைவரும் குழந்தைகளுடன் லிவர்பூலுக்குச் சென்று, தம் வீடுகளை மூழ்கடிக்க வேண்டாமென வேண்டும் பதாகைகளை ஏந்தி வீதிகளில் ஊர்வலமாக நடந்தனர். அந்நகரத்திலே வேல்ஸ் மக்களின் வழித்தோன்றல்கள் பல்லாயிரவர் வாழ்ந்தனர். வேல்ஸின் தேசியக் கலைவிழாவாகிய ஐஸ்டெத்வொட் 1884, 1900, 1929 ஆகிய ஆண்டுகளில் அங்கேயே நடைபெற்றிருந்தது. எனவே அவ்வூர்வலம் அந்நியரிடம் விடுத்த வேண்டுகோளாக அமையவில்லை. உறவுடையதென நம்பிய ஒரு நகரத்திடம் விடுத்த வேண்டுகோளாகவே அமைந்தது. மாநகரசபை தன் முடிவை மாற்றவில்லை.

இவ்விடத்தில் சட்டத்தின் வழி கவனிக்கத்தக்கது. திட்டமொன்றுக்கு வழமையான முறையில் அனுமதி கோரின், வேல்ஸ் உள்ளூராட்சி அதிகாரிகளின் இசைவு தேவைப்பட்டிருக்கும். லிவர்பூல் மாநகரசபை அதனைத் தவிர்த்து, பாராளுமன்றத்திலே தனியார் சட்டமூலமொன்றை நேரே முன்வைத்தது. பாராளுமன்றத்தின் அங்கீகாரம் கிடைத்தவுடன் உள்ளூர் இசைவு என்ற கேள்வியே எழாதொழிந்தது. வேல்ஸ் அலுவல்களுக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் ஹென்றி புரூக், வீடமைப்பு, உள்ளூராட்சி அமைச்சராகவும் பதவி வகித்தார். இலண்டனின் ஹம்ஸ்ரெட் தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்தியவர். மேர்சி ஆற்றங்கரைப் பிரதேசத்தின் நீர்த்தேவையை எடுத்துக்காட்டி அவர் சட்டமூலத்தை ஆதரித்தார். வேல்ஸின் சார்பில் அமைச்சரவையிற் பேசவேண்டியவரும், இங்கிலாந்து நகரங்களின் வீடமைப்புத் தேவைக்குப் பொறுப்பானவரும் ஒருவரேயாயிருந்தமை அக்கால ஆட்சியமைப்பின் இயல்பைக் காட்டுகின்றது.

அப்போது வேல்ஸிலிருந்து முப்பத்தாறு உறுப்பினர் பொதுமக்கள் சபையில் அமர்ந்திருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சட்டமூலத்தை எதிர்த்தனர். ஆதரித்து வாக்களித்தவர் ஒருவரேனும் இலர். கட்சி வேறுபாட்டைக் கடந்து ஒரு நாட்டின் பிரதிநிதிகள் இந்த அளவிற்கு ஒருமுகமாய் நிற்றல் அரிது. ஆயினும் அறுநூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட சபையில் முப்பத்தாறு பேரின் ஒற்றுமையால் யாதும் விளையவில்லை. சட்டமூலம் நிறைவேறி 1957 ஆகஸ்ட் 1ஆம் நாள் அரச இசைவு பெற்றது.

திரவெரின் நிகழ்வின் உட்பொருள் இங்கேயே வெளிப்படுகின்றது. அங்கு எவரும் சட்டத்தை மீறவில்லை. மனுக்கள் ஏற்கப்பட்டன, விவாதம் நடைபெற்றது, வாக்குகள் ஒழுங்காக எண்ணப்பட்டன. தனியொரு கொடுங்கோலனின் ஆணையால் அவ்வூர் அழிந்திருப்பின் அதனைக் கொடுமை என்று கூறி அமைந்துவிடலாம். பெரும்பான்மை வாக்கு என்னும் நேரிய கருவியே அதனை அழித்தமையால், அக்கருவி எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்ற வினா எழுகின்றது. இன்று சிறுபான்மையாயிருப்போர் நாளை பெரும்பான்மையாகலாம் என்னும் நம்பிக்கையே வாக்குமுறையை நீதியுடையதாக்குவது. கட்சிகளுக்கு அந்நம்பிக்கை உண்டு. எண்ணிக்கையில் என்றும் சிறிதாகவே இருக்கக்கூடிய ஒரு மொழியினத்திற்கு அது இல்லை. அவ்வினத்தவர் ஒவ்வொரு முறையும் நேர்மையாகத் தோற்கடிக்கப்படுவர். அத்தோல்வி தற்செயலானதன்று, கணக்கிலேயே முன்னரே எழுதப்பட்டது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் புறக்கணித்தலாகாது. எட்டு இலட்சம் பேரின் தேவைக்கு முன் அறுபத்தேழு பேரின் வாழ்விடம் எம்மாத்திரம் என்பது அவ்வாதம். அணைவேலையாற் பிழைப்புக் கிட்டுமென எதிர்பார்த்தோரும் அப்பகுதியில் இல்லாமலில்லை. தனியாட்களாக எண்ணினால் அவ்வாதம் வலியது. ஆனால் தனியாட்களாக எண்ணியதே அதன் குறைபாடு. ஒரு வீட்டுக்கு விலையுண்டு, ஏக்கருக்கு விலையுண்டு, ஆட்டு மந்தைக்கும் விலையுண்டு. ஆலயமும் பாடசாலையும் தபாற்கந்தோரும் பன்னிரண்டு வீடுகளும் ஒன்றோடொன்று ஒரே மொழியால் இணைந்திருந்த அந்த இணைப்புக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. அறுபத்தேழு பேரையும் அறுபத்தேழு நல்ல வீடுகளிற் குடியமர்த்தினாலும் அவ்விணைப்பு மீளாது. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வேல்ஸ் மக்களிற் பாதிப்பேர் வெல்ஷ் மொழியைப் பேசினர். 1961இல் அவ்விகிதம் நூற்றுக்கு 26 ஆகக் குறைந்திருந்தது. இவ்வாறு தேய்ந்து வந்த மொழிக்கு, அது இயல்பாக வழங்கும் முழுமையான ஒரு சமூகம் எண்ணிக்கையால் எவ்வளவு சிறிதோ அவ்வளவு அரியது. ‘சிறிய ஊர்’ என்ற ஒரே செய்தி ஒரு தரப்பினருக்கு அழித்தற்கான நியாயமாகவும் மறுதரப்பினருக்குக் காத்தற்கான நியாயமாகவும் தோன்றியது இதனாலேயே.

சட்டம் நிறைவேறியபின் ஊர் படிப்படியாகக் கலைந்தது. பள்ளத்தாக்கினூடாகச் சென்ற பாலா – பெஸ்தினியொக் புகையிரதப் பாதையிற் பயணிகள் சேவை 1960இல் நிறுத்தப்பட்டது. 1963 கோடையிற் பாடசாலை மூடப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 28ஆம் நாள் ஆலயத்திலே இறுதி வழிபாடு நடைபெற்றது. சேமக்காலையில் உறவினரை அடக்கம் செய்திருந்த குடும்பங்களுக்கு உடல்களை வேறிடம் கொண்டுசெல்ல வாய்ப்பளிக்கப்பட்டது. எட்டு உடல்களே தோண்டி எடுக்கப்பட்டன. ஏனையோர் உறங்கிய மண் கல்லாலும் கொங்கிறீற்றாலும் மூடப்பட்டு நீரின் கீழ்ப் போயிற்று. அறுபத்தேழு பேருள் நாற்பத்தெட்டுப் பேர் தம் வீடுகளை இழந்தனர். ஏறத்தாழ எண்ணூறு ஏக்கர் நிலம் மூழ்கியது. லான்வுதின் மக்களுக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது போன்ற புதிய ஊர் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. மக்கள் சுற்றுப்புற ஊர்களிற் சிதறினர்.

மன்றாட்டும் ஊர்வலமும் வாக்கும் பயனற்றுப் போனமை கண்ட இளைஞர் சிலர் வேறு வழியை நாடினர். 1962இல் அணை வேலைத்தலத்தின் மின்மாற்றி சேதப்படுத்தப்பட்டது. 1963 பெப்ரவரியில் அங்கு குண்டொன்று வெடித்தது; அதன்பொருட்டு எமிர் லெவெலின் என்னும் பல்கலைக்கழக மாணவர் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அச்செயல் அணையின் வேலையைத் தடுக்கவில்லை. ஆயினும் நீண்டகாலம் அமைதி வழியிலேயே நடந்த ஒரு மக்களிடையே அது தோன்றியமைக்கான காரணத்தை வரலாற்று மாணவன் கவனித்தல் வேண்டும். கேட்கப்படும் என்ற நம்பிக்கையோடு செல்வோர் கேட்கப்படாது திரும்பும்போது, அவர்தம் பிள்ளைகள் அதே வாயிலுக்கு மீண்டும் அதே முறையிற் செல்வதில்லை.

1965 ஒக்டோபர் 21ஆம் நாள் லிவர்பூல் மாநகரசபையினர் அணையைத் திறந்துவைக்க வந்தனர். திரண்டிருந்த எதிர்ப்பாளர்களின் கூச்சலிடையே ஒலிவாங்கியின் கம்பிகளும் அறுக்கப்பட்டன. பேச்சுக்கள் எவருக்கும் கேட்கவில்லை. விழா சில நிமிடங்களிலேயே முடிவுற்றது. ஒன்பதாண்டுகளுக்கு முன்னர் லிவர்பூற் சபையிலே ஊரவர் பேச்சு கேட்கப்படாது போனது. இப்போது ஊரிருந்த இடத்திலே சபையின் பேச்சு கேட்கப்படாது போயிற்று. புதிய ஏரி லின் கெலின் என்று பெயர் பெற்றது. நீர் அங்கிருந்து குழாய்வழி லிவர்பூலுக்குச் செல்வதில்லை. வறண்ட காலங்களில் ஏரியினின்று விடப்படும் நீர் திரவெரின் ஆற்றின் வழியே டீ ஆற்றை அடைந்து, செஸ்ரர் நகருக்கு அண்மையிலே மீளப் பெறப்படுகின்றது.

இந்நிகழ்வின் விளைவுகளை மதிப்பிடுகையில் நிதானம் தேவை. 1962இல் சோண்டர்ஸ் லூயிஸ் ஆற்றிய வானொலிச் சொற்பொழிவைத் தொடர்ந்து வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றியது. 1964இல் வேல்ஸுக்கெனத் தனி அமைச்சர் நியமிக்கப்பட்டார். 1966இல் கார்மாதென் இடைத்தேர்தலில் வென்ற குவின்வோர் எவன்ஸ் தம் கட்சியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினரானார். 1967இல் வெல்ஷ் மொழிச் சட்டம் பிறந்தது. இவையனைத்தும் திரவெரினால் மட்டுமே விளைந்தன எனக் கூறுதல் மிகையாகும்; அணை திறக்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுகளின் பின்னர், 1979இல், வேல்ஸ் மக்களே தமக்கொரு சபை வேண்டாமெனப் பெரும்பான்மையாக வாக்களித்தனர். 1997இலேயே சிறு வேறுபாட்டால் அது ஏற்கப்பட்டு 1999இல் சபை கூடியது. திரவெரின் செய்தது வேறொன்று. தமக்கென அதிகாரம் இல்லாவிடின் யாது நேரும் என்ற கேள்விக்கு, எவரும் சென்று காணக்கூடிய விடையொன்றை அது அளித்தது.

அவ்விடையை மக்கள் மனத்தில் நிறுத்தியதில் ஒரு பாழ்ச்சுவருக்கும் பங்குண்டு. 1960களில் மைக் ஸ்ரீவன்ஸ் என்னும் இளைஞர் அபெரிஸ்த்வித் நகருக்குத் தெற்கே, லான்றிஸ்ருட் அருகில், நெடுஞ்சாலையோரச் சுவரொன்றில் ‘திரவெரினை நினைவிற் கொள்ளுங்கள்’ என்ற பொருளில் வெல்ஷ் மொழியில் இரு சொற்களை எழுதினார். தமிழிற் புணர்ச்சியால் எழுத்துத் திரிவதுபோல, வெல்ஷ் மொழியிலும் சில சொற்களுக்குப்பின் வருஞ்சொல்லின் முதலொலி மாறும். அவர் முதலில் எழுதியபோது அம்மாற்றம் விடுபட்டுப் போயிற்று; பின்னர் சுவரைப் புதுப்பித்தோர் அதனைத் திருத்தினர். ஸ்ரீவன்ஸ் ஆங்கிலம் வழங்கும் தென்வேல்ஸிலே பிறந்து, வளர்ந்தபின் வெல்ஷ் கற்றவர். இவ்விலக்கணப் பிழை நகைப்பிற்குரியதன்று. மொழியை இழந்த பிரதேசத்து மகனொருவன் அதனைக் கற்றுக்கொண்டு, மொழியை இழக்காதிருந்த ஓர் ஊருக்காக எழுதியதன் அடையாளம் அது. 2019ஆம் ஆண்டு அச்சுவர் இடிக்கப்பட்டபோது மக்கள் அதனை மீளக் கட்டினர். அவ்விரு சொற்களும் வேல்ஸ் முழுவதும் பல சுவர்களில் எழுதப்பட்டன.

2005 ஒக்டோபரில், அணை திறக்கப்பட்டு நாற்பது ஆண்டு நிறைவுற்ற வேளையில், லிவர்பூல் நகரசபை தன் முன்னோர் உணர்வின்றி நடந்தமைக்காக மன்னிப்புக் கோரியது. அம்மன்னிப்பைச் சிலர் ஏற்றனர். காலங்கடந்த சொல் எனச் சிலர் கருதினர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வெல்ஷ் பேசுவோர் நூற்றுக்கு 17.8 ஆக இருந்தனர். பாடசாலைகளும் சட்டமும் அம்மொழிக்கு இன்று துணைநிற்கின்றன. எனினும் கப்பெல் கெலினில் இருந்தது போன்று எவரும் வலிந்து காக்காமலே மொழி வாழ்ந்த சூழலைச் சட்டத்தால் ஆக்கித்தர இயலவில்லை.

பொதுநலன் என்னும் சொல் வழங்கும் இடமெல்லாம், அப்பொதுவில் யார் எண்ணப்பட்டனர், அவ்வெண்ணிக்கையை யார் நடத்தினர் என வினவுதல் வரலாற்றாசிரியனின் கடமையாகும். திரவெரினில் எட்டு இலட்சம் பேரின் நீர்த்தேவை உண்மையானது. அறுபத்தேழு பேரின் உலகமும் உண்மையானது. முன்னதை நிறைவேற்றப் பல வழிகளை ஆராய்ந்திருக்கலாம். பின்னதற்கு இருந்தது ஒரே பள்ளத்தாக்கு. அவ்வேறுபாட்டை நிறுத்துப் பார்க்கும் கடமையை அன்றைய பாராளுமன்றம் தலைகளை எண்ணுவதன்மூலம் தட்டிக்கழித்தது. ஏரிக்கரையில் 1967இல் எழுப்பப்பட்ட நினைவாலயம் இன்றும் நிற்கின்றது. பழைய ஆலயத்தின் கற்கள் அதன் சுவர்களில் உள்ளன. அக்கற்களை எடுத்துவந்து மீள அடுக்க முடிந்தது. அவற்றினிடையே ஒலித்த வாழ்வை அவ்வாறு எடுத்துவர எவராலும் இயலவில்லை.